ஆரஞ்சு நதிக்கரையில் ஒரு குடியரசு



தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு நதிக்கும் வால் நதிக்கும் இடையே பரந்து கிடக்கும் புல்வெளியில் 48 ஆண்டுகள் ஒரு குடியரசு இருந்தது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்பது அதன் பெயர், புளூம்ஃபொன்டெய்ன் தலைநகர். கேப் காலனியில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வடக்கே வந்த டச்சு வம்சாவளி விவசாயிகள்தான் போயர்கள். அடிமை முறையை பிரிட்டன் ஒழித்ததும் அவர்கள் கிளம்பியதற்கு ஒரு காரணம். கட்டிக்காக்கச் செலவு கட்டுபடியாகாது என்று 1854-இல் அந்தப் பகுதியை பிரிட்டன் அவர்களிடமே விட்டுவிட்டது.

ஆனால் அது ஆளில்லாத நிலமல்ல. பசோத்தோ மக்களின் மன்னர் மொஷ்வேஷ்வேயோடு அடுத்தடுத்துப் போர் நடத்தி, காலெடன் ஆற்றோரத்து வளமான வயல்களை இந்தக் குடியரசு பறித்துக்கொண்டது. எஞ்சிய மலைநாட்டையாவது காப்பாற்ற 1868-இல் அவர் பிரிட்டனிடம் அடைக்கலம் பெற்றார். இன்றைய லெசோத்தோ அப்படி மிஞ்சியதுதான்.

நம்மவர்களையும் இந்தக் குடியரசு பாதித்தது. பக்கத்து நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏராளமான தமிழர்கள் இருந்தார்கள். இந்தியர்கள் இந்தக் குடியரசில் குடியேறி வியாபாரமோ விவசாயமோ செய்ய 1891-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. வியாபாரிகளைச் சொற்ப நஷ்டஈடு கொடுத்துத் துரத்தினார்கள். ஓட்டலில் பரிமாறுவது போன்ற ஊழியத்துக்கு மட்டுமே இடம் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குடியரசு போன பிறகும், 1980-களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீடித்தது.

1899-இல் இன்னொரு போயர் குடியரசான டிரான்ஸ்வாலோடு சேர்ந்து ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் பிரிட்டனை எதிர்த்துப் போரில் இறங்கியது. 1900 மார்ச்சில் தலைநகர் விழுந்தது. பண்ணை வீடுகளுக்குத் தீ வைத்த பிரிட்டிஷ் படை, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. 1901 ஜனவரியில் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி புளூம்ஃபொன்டெய்ன் முகாமுக்குப் போனார். கூடாரத்துக்குள் வெயில் கொதித்தது. அடுப்புக்கு விறகில்லை. துணி துவைக்கச் சோப்புகூடக் கொடுக்கவில்லை; அவர் போராடித்தான் வாங்கிக் கொடுத்தார். போர் முடிவதற்குள் 26,000-க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். 1902 மே 31-இல் குடியரசும் முடிந்தது.

முகாம்களில் மாண்ட போயர் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1913-இல் புளூம்ஃபொன்டெய்னில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். நியாயமான அஞ்சலி அது. ஆனால் தனி முகாம்களில் இறந்த 14,000-க்கும் அதிகமான கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. இது என் மனதை உறுத்துகிறது. அதே ஆண்டு அதே ஊரில், பாஸ் என்ற அனுமதிச் சீட்டை வைத்திருக்க மாட்டோம் என்று கறுப்பினப் பெண்கள் ஊர்வலம் போனார்கள். அபராதம் கட்டச் சொன்னபோது மறுத்துவிட்டுச் சிறைக்குப் போனார்கள்.