இக்காலக் கலையும் ஒரு மாணவர் உள்ளமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இக்காலத்து ஓவியம், திரைப்படம், நிழற்படம் ஆகியன பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். கலையாராய்ச்சி செய்யும் தகுதி எமக்கில்லை. ஒரு மாணவர் கண்டதையும், காணும்போது உள்ளத்தில் எழுந்ததையும் ஒளியாது கூறுவதே எமது நோக்கம்.

கொழும்பிற் படிக்கச் சென்ற காலத்தில், பொறளையிலுள்ள கோதமி விகாரையைப் பார்க்கப் போனோம். புத்தர் பெருமானின் சரிதத்தை ஜோர்ஜ் கீற் என்னும் ஓவியர் 1939, 1940ஆம் ஆண்டுகளில் அதன் சுவர்களிலே தீட்டியிருக்கிறார். தடித்த கோடுகளும் அகன்ற விழிகளும் வளைந்து நீண்ட உடல்களுமாக அவ்வுருவங்கள் நின்றன. "மனிதர் இப்படியா இருப்பார்கள்?" என்று முகஞ் சுளித்தோம்.

அன்று பிற்பகலே நூதனசாலைக்குச் சென்று, பொலன்னறுவையிற் கிடைத்த நடராசர் திருவுருவத்தின் முன்னே நின்றோம். திருக்கரங்கள் நான்கு, தூக்கிய திருவடி ஒன்று. "மனிதர் இப்படியா?" என்று இங்கே நாம் கேட்கவில்லை, கைகூப்பினோம். அப்படியாயின் காலையில் மட்டும் அக்கேள்வி ஏன் எழுந்தது?

விடை எமது சாமியறையிலேயே இருந்தது. அங்கே மாட்டியிருக்கும் இலக்குமி, சரசுவதி படங்களே எமது அளவுகோல். அவையோ ஐரோப்பியரின் எண்ணெய் வர்ண முறையைக் கற்ற இரவிவர்மாவின் வழிவந்தவை. அவர் பம்பாயில் அச்சகம் நிறுவியது 1894இல். பழைமை என்று நாம் பற்றிக்கொண்டிருந்தது நூற்றாண்டு ஒன்றைச் சற்றே கடந்தது. புதுமை என்று தள்ளியதோ பழஞ் சிற்பிகளின் வழிக்கு அண்மையது. அப்படங்களின் முன்னே எமது பாட்டியார் கொண்ட பக்தியை இது சிறிதும் குறைப்பதன்று. எமது அவசரத் தீர்ப்பையே குறைக்கின்றது.

இனித் திரைப்படம். 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை எடுக்கும்வரை, சிங்களப் படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களிலே உருவாகின. அவர் கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுவந்தார். அவ்வழியே வந்த தர்மசேன பத்திராஜ, 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தார். சீதனத்தின் சுமையும் சாதி கடந்த காதலும் அதன் பொருள். படம் அக்காலத்தில் ஓடவில்லை.

அதனை அண்மையிற் பார்த்தபோது எமக்கும் முதலில் அலுப்பே தட்டியது. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்த கண்ணுக்கு நீண்ட மௌனங்கள் பாரமாயின. பின்னர் ஒரு கூச்சம் பிறந்தது. அந்த முற்றமும் வேலியும் எமது முற்றமும் வேலியுமே. அங்கே தாழ்ந்த குரலிற் பேசப்படும் சீதனக் கணக்கு எமது வீட்டிலும் பேசப்பட்டதே. சிங்களவர் ஒருவர் எமது வீட்டுக்குள் நின்று இதனைக் கண்டுவிட்டார் என்று முதலில் வெட்கினோம். அவர் கண்டது பொய்யன்று என்று பிறகு வெட்கினோம். இரண்டாவது வெட்கமே பயனுடையது. சமயப்பணி பேசும் சங்கத்தார் அதனைத் தவிர்த்துப் போகலாகாது.

மூன்றாவதாக, ஒரு நூல். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்பர். ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து கோடுகளாக வரைந்த படங்கள் அதில் உள்ளன. "பிள்ளைகள் கீறியது போலிருக்கிறதே, இதுவும் கலையா?" என்று நினைத்தோம்.

அந்நூலின் பக்கங்களை எமது தாயாருக்குக் காட்டினோம். அவர் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் ஒருவர். கலையா என்று அவர் கேட்கவில்லை. "கிணறு இஞ்சாலையோ இருந்தது?" என்று விரலை வைத்தார். பின்னர் பழைய கலண்டர்த் தாளொன்றின் பின்புறத்தில் எமது வீட்டைத் தாமே வரைந்தார். முதலில் வரைந்தது சாமியறை. வீட்டின் நிழற்படம் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. தப்பி வந்தது பாட்டனாரின் படம் மட்டுமே. இன்று அத்தாளும் அப்படத்தின் அருகிலே தொங்குகின்றது.

அன்றுதான் எமக்கு ஒன்று விளங்கிற்று. அழகாயிருப்பது மட்டும் கலையின் தொழிலன்று. மறக்கலாகாததை மறவாமற் காப்பதும் அதன் தொழிலே. கைத்தொலைபேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுக்கின்றோம், எதனைப் பேணுகின்றோம்?

இளைஞர்களுக்கு எமது வேண்டுகோள் இரண்டு. புதியதொன்றைக் கண்டால், பிடிக்கவில்லை என்று சொல்லுமுன் சற்றுநேரம் அதன்முன் நில்லுங்கள். அடுத்து, உங்கள் வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களை எடுத்து, அவற்றிலுள்ளோர் பெயரை மூத்தோரிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதுங்கள். பெரியோர்களே, அவர்கள் கேட்க வரும்போது பொறுமையோடு சொல்லுங்கள். அப்பெயர்கள் உங்களிடம் மட்டுமே உள்ளன.