வானிலிருந்து நிலமளத்தல்: கருவிக்கும் மென்பொருளுக்கும் பொருத்தம்

(சங்கராபுரத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இளைஞர்களுக்குப் பயன்படும் எப்பொருளைப் பற்றியும் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். டிரோன் என்று நாம் வழங்கும் ஆளில்லா வானூர்தியைக் கொண்டு கட்டுமானப் பணிக்கு நிலமளக்கும் தொழிலைப் பற்றிப் பேச விழைகின்றேன். இதற்குக் காரணம் உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடன் பெற்று ஒரு டிரோன் வாங்கினார். திருமண ஊர்வலங்களை அது அழகாகப் படம் பிடித்தது. பிறகு சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர், கொட்டிய மண்ணைக் கணக்கெடுத்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். இவரும் ஒப்புக்கொண்டு, வரைபட மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தாவும் கட்டினார். அம்மென்பொருளோ அவர் வைத்திருந்த டிரோனை ஏற்கவில்லை. வேலை கைவிட்டுப் போயிற்று. மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சிலர் இதே வழியில் கடன் விண்ணப்பத்தோடு என்னிடம் வருவதால்தான் இந்த உரை.

நிலமளத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. எல்லை வழக்கு எழுந்தபோது ஊர்ப்பணியாளராயிருந்த நம் முன்னோரை அழைத்து, அவர்கள் நடந்து காட்டிய வரப்பையே எல்லையாக ஏற்றுக்கொண்ட வழக்கம் தமிழகத்தில் இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளனர். ஊரின் எல்லை முழுவதையும் அறிந்தவனுக்கு அந்த எல்லைக்குள் ஒரு குழி நிலமும் இல்லை என்பதையும் உடன் எண்ணிக்கொள்ளுங்கள். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும்பணி அங்கிருந்தே தொடங்கிற்று. லாம்டன் பெயர் நூல்களில் உள்ளது. சங்கிலியைச் சுமந்தவர், கோலைப் பிடித்தவர், புதர் வெட்டியவர் பெயர்களை எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

இன்று சங்கிலி போய்ப் படம் வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் சாலைப் பணிகளை மாதந்தோறும் டிரோன் மூலம் காணொளியாகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஏப்ரல் 24 அன்று, ஒன்றிய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் ஊர்க் குடியிருப்பு மனைகளை டிரோன் கொண்டு அளக்கும் வேலை நடந்தது. தமிழ்நாடு அதில் முன்னோட்ட நிலையில் மட்டும் பங்கேற்றது. அத்திட்டத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். டிரோன் பறப்பதற்கு முன்னர், மனையின் எல்லையைச் சுண்ணாம்புக் கோட்டால் தரையில் குறித்துவிட வேண்டும். வானில் பறக்கும் கருவி அந்தக் கோட்டைத்தான் காணும். கோட்டைப் போட்டவர் யாரென்று அதற்குத் தெரியாது. நம் பகுதிக்கு இத்தகைய அளவை எந்நாள் வந்தாலும், கோடு போடும் வேளையில் காலனித் தெருவில் விவரமறிந்தவர் இருவராவது நிற்றல் வேண்டும்.

இனிப் பொருத்தத்திற்கு வருவோம். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் இங்கே பொருத்தம் பார்க்காமல் தீராது.

டிரோன் கொண்டு அளப்பதில் இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள் உள்ளன. பலர் இவ்விரண்டையும் ஒன்றென நினைப்பதாலேயே இடர்ப்படுகின்றனர். முதலாவது பறக்கச் செய்யும் மென்பொருள். நிலத்தை உழுகின்ற ஏர் சாலுக்குச் சால் திரும்பி வருவது போல டிரோன் இணைகோடுகளில் பறந்து, குறித்த இடைவெளியில் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் 75 முதல் 80 விழுக்காடும், ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் 60 முதல் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருத்தல் வேண்டும். கையால் ஓட்டி இதனைச் செய்வது மிகக் கடினம். இரண்டாவது, எடுத்த படங்களைக் கணினியில் தைத்து, வரைபடமாகவும் மேடுபள்ள உருவமாகவும் ஆக்கும் மென்பொருள்.

இரண்டாவது வகை அவ்வளவாகப் பிணங்குவதில்லை. படத்தோடு அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருந்தால், எந்த டிரோன் எடுத்த படத்தையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். முரண்டு பிடிப்பது முதல் வகைதான். டிரோன் செய்யும் நிறுவனம், தன் கருவிக்குக் கட்டளையிடும் வழியைப் பிற மென்பொருளாளருக்குத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இதனை எஸ்.டி.கே. என்பர். சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம் சில மாதிரிகளுக்கு இவ்வழியைத் திறந்தது, சிலவற்றிற்குக் காலந்தாழ்த்தித் திறந்தது, சிலவற்றிற்குத் திறக்கவேயில்லை. ஆதலால் ஒரே நிறுவனத்தின் இரு டிரோன்களில் ஒன்றை டிரோன்டிப்ளாய், பிக்ஸ்4டி போன்ற மென்பொருள்கள் ஏற்கும், மற்றொன்றை ஏற்கா. விலை மிகுந்தது ஏற்கப்படும், மலிந்தது தள்ளப்படும் என்றும் கொள்ள இயலாது. ஏற்கும் மாதிரிகளின் பட்டியலை மென்பொருள் நிறுவனங்களே வெளியிடுகின்றன. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும்; காசும் வேண்டியதில்லை.

மேவ்லிங்க் என்னும் திறந்த மொழியில் இயங்கும் டிரோன்களும் உண்டு. இவற்றை மிஷன் பிளானர் போன்ற விலையில்லா மென்பொருளால் ஓட்டலாம். நம் நாட்டில் கட்டப்படும் டிரோன்கள் பலவும் இவ்வகையின. 2022 பிப்ரவரி 9 அன்று முழுமையாகக் கட்டப்பட்ட வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. உதிரி உறுப்புகளுக்குத் தடையில்லை. ஆகவே யாரோ நண்பர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தருவார் என்ற நம்பிக்கையில் தொழில் தொடங்காதீர்கள்.

அடுத்தது ஒளிப்படக் கருவி. படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடத்தைக் காட்டுகிறது என்பதே அளவின் நுட்பம். 13.2 மி.மீ. அகலமுள்ள உணரி, 8.8 மி.மீ. குவியத் தொலைவு, 5472 புள்ளி அகலமுள்ள படம். இத்தகைய கருவி 100 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு புள்ளி தரையில் 2.74 செ.மீ. ஆகும். 50 மீட்டரில் பறந்தால் அதில் பாதி. எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு இது. மாணவர்கள் இன்றே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். மற்றொன்று, படத்தை ஒரே நொடியில் முழுதாகப் பதியாமல் வரிவரியாகப் பதியும் மலிவான கருவிகள் உள்ளன. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் டிரோனில், படம் பதிய ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு ஆனாலும், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே டிரோன் 33 செ.மீ. நகர்ந்துவிடும். இதனைச் சரிசெய்யும் மென்பொருளும் உண்டு, இயலாததும் உண்டு. திருமணப் படத்தில் எவரும் இதனைக் காணமாட்டார். தூண் நட இடம் குறிப்பவர் காண்பார்.

உயரக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் போவது இங்கேதான். செயற்கைக்கோள் வழி அளக்கும் ஜி.பி.எஸ். கருவி, பூமியை வழுவழுப்பான ஒரு நீள்கோளமாகக் கொண்டு உயரத்தைச் சொல்கிறது. பொறியாளரோ கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறார். உலகில் இவ்விரண்டும் மிகுதியாக வேறுபடும் இடம் இலங்கைக்குத் தெற்கேயுள்ள இந்தியப் பெருங்கடல் பகுதி. அங்கு வேறுபாடு 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாம் இருப்பதால் தமிழ்நாட்டில் வேறுபாடு 80 மீட்டருக்கும் மேற்பட்டது. திருத்தம் செய்யாத கருவி, கடற்கரையில் நிற்பவரைக் கடல் மட்டத்திற்கு 80 மீட்டர் கீழே நிற்பதாகக் காட்டும்! மென்பொருளில் எந்த உயர முறை, எந்த மண்டலம் என்று முன்னரே குறித்துக் கொடுக்க வேண்டும். சங்கராபுரம் விழுவது உலக மண்டல எண் 44 வடக்கில். ஒப்பந்தக்காரரின் வரைபடம் ஒரு முறையிலும் உங்கள் வரைபடம் வேறு முறையிலும் இருந்தால், மென்பொருள் இரண்டையும் திறக்கும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காராது.

80 மீட்டர் பிழை எவர் கண்ணிலும் பட்டுவிடும். அஞ்சத்தக்கது 5 செ.மீ. பிழையே. ஒரு ஹெக்டேர் மனையில் உயரம் 5 செ.மீ. தவறினால் 500 கன மீட்டர் மண் கூடும் அல்லது குறையும். 100 கன அடி ஒரு யூனிட் என்னும் நம்மூர்க் கணக்கில் அது 176 யூனிட்டுக்கு மேல். இதனைத் தவிர்க்கத் தரையில் சில இடங்களில் குறிகள் இட்டு, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் ஆர்.டி.கே. கருவியாலோ மட்டக் கருவியாலோ துல்லியமாக அளந்து மென்பொருளுக்குத் தர வேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டை அதற்குச் சொல்லாமல் கையில் வைத்துக்கொண்டு, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுத்தாளைத் திருத்துவது போலத்தான்.

இங்கே தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். நூறு நாள் வேலையில் நீங்கள் வெட்டிய குழியை அளந்து, அளவு குறைவென்று கூலியைக் குறைத்த அனுபவம் உங்களுள் பலருக்கு உண்டு. அன்று டேப்பைப் பிடித்தவரிடம் கேள்வி கேட்க நமக்குத் துணிவு இருந்தால் போதுமாயிருந்தது. இனி அளவு கணினித் திரையில் வரும்போது, எந்த நாளின் தரை மட்டத்தை அடிப்படையாகக் கொண்டீர்கள், சரிபார்த்த குறிகள் எவை என்று கேட்கும் அறிவும் வேண்டும். உங்கள் பிள்ளைகள் இத்தொழிலைக் கற்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு, அவர்கள் பெறும் ஊதியத்தை விட இதுவே பெரிய காரணம்.

கல்வராயன் மலையில் வேலை எடுப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. புறப்பட்ட இடத்திலிருந்து 80 மீட்டர் உயரம் என்று குறித்து ஏவினால், சரிவு 60 மீட்டர் உயர்ந்த இடத்தில் டிரோன் தரைக்கு 20 மீட்டர் மேலேதான் இருக்கும். படங்களின் படிவு கெடும். மரத்தில் மோதவும் கூடும். தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். அவ்வசதியை அந்த டிரோன் மாதிரியும் ஏற்க வேண்டும். சமவெளியில் பொருந்திய இணை மலையில் பொருந்தாமல் போகலாம்.

பஞ்சமி நிலத்தை டிரோன் கொண்டு மீட்டுவிடலாமா என்று சென்ற கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நம் மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. டிரோன் படம் உரிமையைச் சொல்லாது. அ-பதிவேடும் பழைய ஒப்படை ஆவணமுமே உரிமையைச் சொல்லும். மேலும் நம் புலப்படங்கள் கோணக்கோடும் கிளைக்கோடும் கொண்டு சங்கிலி அளவில் வரையப்பட்டவை. அவற்றில் அட்சரேகை இல்லை. தரையில் நில அளவைக் கற்களைக் கண்டுபிடித்து, அவற்றின் இடத்தை அளந்து, அதன் பின்னரே புலப்படத்தை டிரோன் படத்தின் மீது பொருத்த முடியும். கல்லைப் பிடுங்கி எறிந்த இடத்தில் அரசு நில அளவர் வந்து மீண்டும் கல் நட்டாக வேண்டும். ஆகவே இருக்கின்ற கற்களை இன்றே சென்று பாருங்கள். தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். அதற்குக் கைப்பேசியே போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்த, வகைச் சான்று பெற்ற கருவியும் தனித்த பதிவு எண்ணும் ஓட்டுநர் சான்றும் வேண்டும். பத்தாம் வகுப்பில் தேறியவராயும் 18 முதல் 65 வயதுக்குட்பட்டவராயும் இருந்தால் ஓட்டுநர் சான்று பெறலாம். பெண் பிள்ளைகளும் வரலாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன். மூலதனத்திற்கு, தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மானியம் கிடைக்கிறதென்று பெரிய கருவியை வாங்காதீர்கள். முதலில் வேலை தருபவர் எந்த வடிவில் வரைபடம் கேட்கிறார் என்று அறியுங்கள். பின்னர் அதனைத் தரும் மென்பொருள். அதன் பின்னர் அம்மென்பொருள் ஏற்கும் டிரோன். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்.

டிரோன் இல்லாமலும் கற்கத் தொடங்கலாம். ஓப்பன்டிரோன்மேப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. இடக்குறிப்போடு கைப்பேசியில் எடுத்த படங்களையும் அது தைத்துக் கொடுக்கும். 16 ஜி.பி. நினைவகமுள்ள கணினி இருந்தால் சிறிய வேலைகளைச் செய்து பழகலாம். பள்ளி வளாகத்தின் பின்புறம் கட்டட வேலைக்குக் கொட்டிய மண்மேடு ஒன்று இருக்கிறது. வரும் ஞாயிறு காலை அதனை முதலில் டேப்பும் தண்ணீர் மட்டக் குழாயும் கொண்டு அளப்போம். பிறகு சுற்றிவந்து படம் எடுத்து, சங்கத்தின் கணினியில் ஏற்றி, இரண்டு கணக்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்போம். பத்துப் பேர் வந்தால் போதும். வருவோர் கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கிக்கொண்டு வருக. டேப் என்னிடம் இருக்கிறது.