ஒடியல் காய்ந்த முற்றம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கல்லூரியில் கற்றதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். கல்லூரி பூட்டிக் கிடந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. ஆண்டு பத்தில் ஒன்றாகப் படித்த எங்கள் நால்வரின் குடும்பங்களும் வரணிப் பக்கம் ஒரு வளவில் ஒதுங்கின. வீட்டுக்கார ஆச்சி அறையையும் விறாந்தையையும் எங்களுக்கு விட்டுவிட்டுக் குசினியில் படுத்தார். "இருங்கோ பிள்ளையள். கிணறு இருக்கு, பனை இருக்கு" என்றார். நாங்கள் இருபத்தொரு பேர்.

பள்ளிக்கூடம் இல்லை. சும்மா இருந்த எங்கள் கையில் ஆச்சி சார்வோலையைத் தந்தார். ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் வார வேண்டும். இழைப்பது இரண்டு நாளில் வந்துவிட்டது. மூலை திருப்புவதுதான் வரவில்லை. எங்கள் பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்து நின்றன. ஆச்சி ஏசமாட்டார். பிழைத்ததை அவிழ்த்து மடியில் போடுவார். "திரும்ப இழை குஞ்சு." அவ்வளவுதான்.

தை பிறந்ததும் பாத்தி கிண்டினோம். கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மாசி வெயிலில் முற்றம் முழுக்க ஒடியல். ஆடு, கோழி கலைப்பது எங்கள் வேலை. பிறகு உரலில் இடித்து அரித்து மாவாக்கினோம். அந்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, கயர்ப்புப் போகப் பிழிந்த பிறகுதான் நீத்துப்பெட்டிக்குள் போடவிடுவார். ஒருநாள் பசியில் அவசரப்பட்டபோது கையைத் தட்டிவிட்டார். இன்று எங்களில் இருவர் டொக்டர்கள். ஒடியல் புட்டுச் சாப்பிட்டு வயிறு சரியில்லை என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "மாவை ஊறவைத்துப் பிழிந்தீர்களா?" என்றுதான். இதை எங்களுக்கு மருத்துவ பீடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இடப்பெயர்வுக்கு முதல் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஒடியல் புட்டுக் கட்டிக்கொண்டு வருவார். மணக்கிறது என்று மேசையை இழுத்துத் தள்ளிப் போட்டவர்கள் நாங்கள். அவர் இப்போது இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டோம். எல்லாருக்கும் முன்னால் தள்ளியதை எல்லாருக்கும் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்பதால் இன்றும் கேட்கிறோம்.

1996 சித்திரையில் வீடு திரும்பினோம். ஆச்சி ஆளுக்கொரு பெட்டி ஒடியல் தந்தார். "அடுத்த கிழமை வந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். பரீட்சை வந்தது, பிறகு இன்னொரு பரீட்சை. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி சிதைந்தது. நாங்கள் போனது 2002இல். தலையில்லாத பனைகள் நின்றன. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். ஆச்சி இடம்பெயர்ந்த ஊரிலேயே மோசம் போய்விட்டார் என்று அயலில் சொன்னார்கள். கிணறு மட்டும் அப்படியே இருந்தது. அதில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு வந்தோம்.

எங்கள் நால்வரில் மூலை திருப்பத் தெரிந்தவர் இன்று ஒருவர்தான். அவரும் ரொறன்ரோவில். ஓலைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்.

அதே ஊரில் பெட்டி இழைக்கும் அம்மாமார் இருவரிடம் பேசியிருக்கிறோம். வரும் மாசியில் ஆண்டு பத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ஒரு கிழமை தங்கள் வீடுகளில் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். சங்கம் அவர்களுக்குக் கொடுக்கப்போவதை அன்பளிப்பு என்று கணக்கில் எழுத வேண்டாம். ஆசிரியர் சம்பளம் என்றே எழுதுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விருப்பமான பிள்ளைகள் பெயரை எழுதுங்கள். பெற்றோரே, தயவுசெய்து சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பாதீர்கள்.