கப்பல் ரெடி. துறைமுகம் ரெடியா?

இன்னிக்கு க்ரூஸ் கப்பல் பத்திப் பேசப் போறோம். டிக்கெட் எவ்வளவு, பஃபேல என்னென்ன கிடைக்கும், பால்கனி ரூம் வாங்கலாமா வேண்டாமா, இதுக்கெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நம்ம கேள்வி வேற. நடுக்கடல்ல இருக்கும்போது ஒரு பெருந்தொற்று ஆரம்பிச்சா, அந்தக் கப்பல் எங்க போகும்? யார் உள்ள விடுவாங்க?

இது எங்கேயோ நடக்கிற விஷயம்னு நினைக்காதீங்க. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பி வெச்சாரே, கார்டீலியா க்ரூஸ், அந்த எம்ப்ரஸ் கப்பல் இந்தியாவுக்கு வந்ததே கொரோனாவாலதான். 1990-ல சேவைக்கு வந்த கப்பல் அது. ராயல் கரீபியன் நிறுவனத்துக்கிட்ட இருந்துச்சு. தொழில் மொத்தமா படுத்துக் கிடந்த 2020 டிசம்பர்ல அவங்க அதை வித்துட்டாங்க. அதே வருஷம் கார்னிவல் நிறுவனத்தோட சில கப்பல்கள் துருக்கியில இருக்கிற அலியாகாவுக்குப் போய் உடைபட்டுச்சு. எம்ப்ரஸ் கை மாறி நம்ம பக்கம் வந்துச்சு.

சரி, அந்தத் தொழில் ஏன் படுத்துச்சு? எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற பேர், டைமண்ட் பிரின்சஸ். 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானோட யோகோஹாமாவுல இருந்து கிளம்புச்சு. அதுல வந்த ஒரு பயணி 25-ஆம் தேதி ஹாங்காங்ல இறங்கிட்டார். பிப்ரவரி 1-ஆம் தேதி அவருக்குத் தொற்று உறுதியாச்சு. 3-ஆம் தேதி கப்பல் யோகோஹாமாவுக்குத் திரும்பி வந்தப்போ உள்ளே 3,711 பேர். 5-ஆம் தேதியில இருந்து எல்லாரும் அவங்கவங்க ரூம்லயே இருக்கணும்னு உத்தரவு. கடைசியில தொற்று வந்தவங்க எண்ணிக்கை 712. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர். பத்துப் பேருக்கும் மேல இறந்துபோனாங்க.

இங்க கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. "எல்லாரும் ரூம்ல இருங்க"ன்னா, சாப்பாடு யார் கொண்டு வருவா? 2,666 பயணிகளுக்கும் மூணு வேளை சமைச்சு, தட்டு வெச்சு, கதவு கதவாப் போய்க் கொடுத்தது 1,045 ஊழியர்கள்ல இருந்துதான். பயணிகளுக்குத் தனிமை. ஊழியர்களுக்கு அதே வேலை, அதே மெஸ், ஒரே ரூம்ல ரெண்டு மூணு பேர். ஆரம்பத்துல தொற்று உறுதியான ஊழியர்கள் 20 பேரை எடுத்து ஆராய்ந்தப்போ, அதுல 15 பேர் உணவுப் பிரிவுல வேலை பார்த்தவங்க.

சாஃப்ட்வேர்ல ஒரு பழக்கம் உண்டு. ஒரு சர்வீஸ் கெட்டுப்போனா மத்ததைத் தொடாம தனியாப் பிரிச்சு வைப்போம். ஆனா எல்லா சர்வீஸும் ஒரே டேட்டாபேஸை நம்பி ஓடினா, பிரிச்சதுக்கு அர்த்தமே இல்ல. டைமண்ட் பிரின்சஸ்ல நடந்தது அதுதான். ரூம் ரூமாப் பிரிச்சாங்க. ஆனா எல்லா ரூமையும் இணைக்கிற அந்த ஒரு அடுக்கை, ஊழியர்களை, பிரிக்கவே இல்ல.

அந்தக் கப்பல்ல 138 இந்தியர்கள் இருந்தாங்க. அதுல 132 பேர் ஊழியர்கள், 6 பேர்தான் பயணிகள். எங்களையும் தனிமைப்படுத்துங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்கள்ல சிலர் வீடியோ போட்டுக் கெஞ்சினாங்க. பிப்ரவரி 27 அன்றுதான் ஏர் இந்தியா விமானத்துல 119 இந்தியர்கள் டெல்லி வந்து சேர்ந்தாங்க.

பின்னாடி ஒரு ஆய்வு வந்துச்சு. மாடல் போட்டுக் கணக்குப் பார்த்தாங்க. எந்தக் கட்டுப்பாடும் இல்லாம விட்டிருந்தா 2,920 பேருக்குத் தொற்று வந்திருக்கும். பிப்ரவரி 3 அன்றே எல்லாரையும் கரைக்கு இறக்கியிருந்தா? 76. இது மதிப்பீடுதான். ஆனாலும் 76-க்கும் 712-க்கும் நடுவுல இருக்கிற தூரத்தைப் பாருங்க. அந்தத் தூரம் கப்பலுக்கு உள்ளே இல்ல, கரையில இருக்கு.

ஆனா கரைக்கு இறக்குறது அவ்வளவு லேசு இல்ல. டைமண்ட் பிரின்சஸை நடத்துறது அமெரிக்க நிறுவனம், பதிவு பிரிட்டன்ல, நின்னது ஜப்பான்ல. யார் பொறுப்பு? இது எல்லா க்ரூஸ் கப்பலுக்கும் இருக்கிற சிக்கல். நிறைய கப்பல்கள் பஹாமாஸ், பனாமான்னு வேற நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டுத்தான் ஓடுது. வரியும் கம்மி, சட்டமும் லேசு. நல்ல நாள்ல அது லாபம். கெட்ட நாள்ல "இது எங்க கப்பல்"னு சொல்ல எந்த நாடும் முன்னாடி வராது.

அதே பிப்ரவரியில வெஸ்டர்டாம் கப்பலுக்கு நடந்ததைப் பாருங்க. பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து, அஞ்சு இடத்துலயும் வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. கடைசியில கம்போடியாதான் உள்ள விட்டுச்சு. அதுக்கு நேர் எதிர், மார்ச் 19 அன்று சிட்னிக்கு வந்த ரூபி பிரின்சஸ். சுமார் 2,650 பயணிகளை அப்படியே இறக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் கப்பலோட தொடர்புடைய இறப்புகள் 28. ஒண்ணு, கதவை இழுத்துச் சாத்துறது. இல்லன்னா, கண்ணை மூடிக்கிட்டுத் திறந்து விடுறது. நடுவுல ஒரு வழி யாருமே எழுதி வெச்சிருக்கல.

நம்ம நாடும் விதிவிலக்கு இல்ல. 2020 ஏப்ரல்ல மரெல்லா டிஸ்கவரின்னு ஒரு கப்பல், பயணிகளே இல்லாம, நூத்துக்கும் மேற்பட்ட இந்திய ஊழியர்களோட மும்பைக்கு வெளியே காத்துக்கிட்டு இருந்துச்சு. சொந்த நாட்டுக் கரை கண்ணுக்குத் தெரியுது, இறங்க முடியல. அரசு தனியா ஒரு நடைமுறை வகுத்த பிறகுதான் இறங்கினாங்க. சரக்குக் கப்பல் மாலுமிகளையும் சேர்த்துப் பார்த்தா, அந்த வருஷக் கடைசியில உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிஞ்சும் வீட்டுக்குப் போக முடியாம மாட்டியிருந்தாங்க.

அப்போ தீர்வு என்ன? ரெண்டு உதாரணம் சொல்றேன்.

முதல்ல சிங்கப்பூர். 2020 நவம்பர்ல "எங்கேயும் போகாத க்ரூஸ்" ஆரம்பிச்சாங்க. கிளம்புன இடத்துக்கே திரும்பி வரும், வேற எந்தத் துறைமுகத்துலயும் நிக்காது. கேக்க வேடிக்கையா இருக்கும். ஆனா "யார் உள்ள விடுவாங்க"ங்கிற கேள்வியே அங்க எழாது. டிசம்பர்ல குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பல்ல 83 வயசுப் பயணி ஒருத்தருக்கு பாசிட்டிவ்னு வந்துச்சு. உடனே கப்பலைத் திருப்பி, ஒரு நாள் முன்னாடியே கொண்டு வந்து, யார் யார்கூடப் பழகினாங்கன்னு பார்த்து, எல்லாரையும் இறக்கிட்டாங்க. மறுபடி டெஸ்ட் பண்ணா அவருக்குத் தொற்றே இல்ல! ஆனா சிஸ்டம் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுபோச்சு.

ரெண்டாவது, அமெரிக்கா. 2020 மார்ச்ல கப்பல் ஓட்டக் கூடாதுன்னு தடை போட்ட நோய்க் கட்டுப்பாட்டு மையம், அக்டோபர் கடைசியில நிபந்தனையோட அனுமதிக்கிற விதிகளைக் கொண்டு வந்துச்சு. பயணிகளை ஏத்துறதுக்கு முன்னாடி துறைமுகத்தோட ஒப்பந்தம், ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம், தனிமைப்படுத்தக் கரையில தங்க இடம், தன்னார்வலர்களை வெச்சு ஒரு ஒத்திகைப் பயணம். இதுல புது டெக்னாலஜி ஒண்ணும் இல்ல, வெறும் பேப்பர் வேலை. ஆனா 76-க்கும் 712-க்கும் இடையில இருந்தது இந்தப் பேப்பர்தான். அந்த விதிகள் 2022 ஜனவரியில கட்டாயம் இல்லைன்னு ஆச்சு. அதே ஜூலையில கப்பல்களுக்கான கோவிட் திட்டத்தையே மூடிட்டாங்க.

அதே 2022 ஜனவரியில கார்டீலியா கப்பல் கோவாவோட மர்மகோவா துறைமுகத்துக்கு வந்தப்போ, டெஸ்ட்ல 66 பேருக்கு பாசிட்டிவ். கப்பல் மும்பைக்கே திரும்பிப் போச்சு. டைமண்ட் பிரின்சஸ் நடந்து ரெண்டு வருஷம் கழிச்சு, தடுப்பூசியெல்லாம் வந்த பிறகு!

அதனால க்ரூஸ் போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. கடலைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்ல. என் கருத்து இதுதான்: அடுத்த பெருந்தொற்றுல க்ரூஸோட எதிர்காலத்தை ஏர் ஃபில்டரும் சானிடைசரும் முடிவு பண்ணாது. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே எந்தத் துறைமுகம் பொறுப்பு ஏத்துக்கும்னு கையெழுத்தாகி இருக்கணும். அந்தக் கையெழுத்துல ஊழியர்களும் இருக்கணும். அவங்களுக்கும் தனி ரூம், அவங்களுக்கும் டெஸ்ட், அவங்களுக்கும் வீட்டுக்குப் போக டிக்கெட்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சிட்டு க்ரூஸ் வேலைக்குக் கிளம்புற பசங்க நம்ம ஊர்லயும் இருக்காங்க. நீங்களோ உங்க ஃப்ரெண்டோ அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் போறீங்கன்னா, சம்பளத்தைப் பார்க்கிற மாதிரியே இன்னும் மூணு விஷயத்தைப் பாருங்க. கப்பல் எந்த நாட்டுக் கொடி? நோய் வந்தா வைத்தியச் செலவு யாரோடது? ஒப்பந்தம் முடிஞ்சும் இறங்க முடியலன்னா சம்பளம் தொடருமா? ஏஜென்ட் கிட்ட வாயால கேட்டா பத்தாது. எழுத்துல வாங்குங்க.

இந்த எபிசோடை அப்படி ஒருத்தருக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. அடுத்த வாரம் வேற ஒரு தலைப்போட பார்ப்போம்.