கம்பம் பள்ளத்தாக்கில் காசும் பாட்டும்



ஒரு தலைமுறை தன் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் விலையைத்தான் சொல்லும். அந்தக் காலத்தில் ஓரணாவுக்கு வயிறு நிறையும், ஒரு ரூபாய்க்குக் குடும்பமே உண்ணும் என்னும் பேச்சு தேனிச் சந்தையிலும் கேட்கும். கவியரங்க மேடையிலும் கேட்கும். விலை மலிந்திருந்தது மெய்தான். ஆனால் விலையைச் சொல்லும் வாய் கூலியைச் சொல்வதில்லை. இவ்வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் இப்பள்ளத்தாக்கின் ஐம்பதுகளை எண்ணிப் பார்க்கும் கவிஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓரணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. மூன்று தம்பிடி சேர்ந்தது காலணா. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு 1943 முதல் அடிக்கப்பட்ட காலணாவே ஓட்டைக் காலணா. ஒன்றுக்கும் உதவாதவனை ‘ஓட்டைக் காலணா பெறமாட்டான்’ என்று வைதார்கள். ஆனால் வைதவர் மடியிலும் பெரும்பாலும் அதுவே இருந்தது.

இனிக் கூலி. இந்திய அரசு 1950-51-இல் நடத்திய முதல் வேளாண் தொழிலாளர் விசாரணையில், ஆண் கூலியாளின் சராசரி நாட்கூலி இன்றைய கணக்கில் 109 பைசா எனக் கண்டறியப்பட்டது. அதாவது ஒரு ரூபாய் ஒன்றரை அணா. பெண்ணுக்கு 68 பைசா. பதினோரு அணாவுக்குச் சற்றே குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்களே ஆண்களுக்குக் கூலிவேலை கிடைத்தது. 1956-57-இல் மீண்டும் விசாரித்தபோது ஆணின் கூலி 96 பைசாவாகவும் பெண்ணின் கூலி 59 பைசாவாகவும் இறங்கியிருந்தன. மலிவான காலம் என்று போற்றப்படும் அந்த ஆண்டுகளிலேதான் உழைப்பும் மலிந்தது. இவை இந்தியா முழுமைக்குமான சராசரிகள். கம்பம் பள்ளத்தாக்கு ஓரளவு செழிப்பான பூமி. ஆயினும் நினைவின் தராசை நேராக்க இந்த எண்கள் போதும். 1950-இல் பத்துக் கிராம் தங்கம் ஏறத்தாழ நூறு ரூபாய். இன்று அதைக் கேட்போர் பெருமூச்சு விடுகின்றனர். அன்றைய கூலியாள் அதை வாங்க ஏறத்தாழ தொண்ணூறு நாள் உழைத்து, அந்நாள்களில் ஒரு வாய்ச் சோறும் உண்ணாதிருந்திருக்க வேண்டும்.

செழிப்பு என்பதும் எல்லாருக்கும் காசாக வரவில்லை. 1895-இல் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய பிறகு, கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் விளைந்தது. ஆனால் வயலில் இறங்கியவருக்கு அறுவடைக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்காலும் படியும் அறிந்த கைகள் அணாவை அரிதாகவே அறிந்தன. நெல்லாகக் கூலி பெறுவதில் ஒரு நன்மையும் உண்டு: அரிசி விலை ஏறினாலும் அடுப்பு அணையாது. ஆனால் உப்பு, மண்ணெண்ணெய், துணி, தேநீர், நாடகம், சினிமா ஆகியவற்றுக்குக் காசே வேண்டும். நெல்லை மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைய முடியாது.

அந்தக் காசு பெரும்பாலும் மேற்கே இருந்து, மலையிலிருந்து வந்தது. போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏறினால் ஏலத்தோட்டங்கள். அப்பால் பீர்மேடு, தேவிகுளம் தேயிலைக் காடுகள். ஏலம் பறிக்கும் பருவத்தில் ஏறியவர்கள் கையில் காசோடு இறங்கினார்கள். 1949 வரை அக்காசிலும் இரண்டு வகை. மலைக்கு அப்பால் திருவிதாங்கூர். அங்கே சக்கரம் என்னும் நாணயம் வழங்கியது. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரக் கணக்கை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஏலக்காட்டுப் பெண்ணும் மனத்தில் போட வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கின் பழைய பேச்சைத் தேடுவோர் கணக்கறிவின் இந்த வகையையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

போர்க்காலத்தைப் பற்றி விரிவாகப் பேச இங்கு இடமில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷன் என்ற சொல் தமிழாயிற்று. 1928-இல் வந்த மதுரை–போடி இரயில் பாதையும் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, ஐம்பதுகளிலேதான் மீண்டும் போடப்பட்டது. 1952-இல் முதலமைச்சரான இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அந்த ஆண்டின் தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தது.

அன்று தேனியும் கம்பமும் மதுரை மாவட்டத்தின் ஊர்கள். மதுரையில் வெளியான படம் சுற்றிச் சுற்றி, சில மாதங்கள் கழித்து, பெட்டியில் அடைபட்டு டூரிங் கொட்டகைக்கு வரும். மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு எழுந்தால் மாட்டை அவசரமாகக் கட்டிவிட்டு ஓடுவார்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று வருணம் பிரித்த இடம் அது. தரையில் ஆண் பெண் நடுவே தடுப்பு. முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அமர்வார்கள். படம் காட்டும் எந்திரம் ஒன்றே. சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் சுண்டலும் விற்பவருக்கு அதுவே வாழ்வு.

தரைக்கு இரண்டணா, பிறகு நாலணா. இதையும் கூலியோடு வைத்துப் பார்க்க வேண்டும். நாலணா என்பது ஓர் ஆணின் நாட்கூலியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெண்ணுக்கோ 1950-51-இன் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1956-57-இன் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு. களையெடுத்த பெண், ஒரு முழுப்பகலின் ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுத்து மணலில் அமர்ந்தாள். அவள் விலைக்கு வாங்கியது வெறும் பொழுதுபோக்கு என்று எழுதுவது அவள் கணக்கறிவை இழிவு செய்வதாகும்.

வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் தனிக் கதை. மட்டமான காகிதத்தில் சில பக்கங்கள். ஓரணா, இரண்டணா விலை. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள். கதை உச்சத்தை நெருங்கும்போது ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வரியோடு நின்றுவிடும். 1951-இல் இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். ஆகவே ஒரு புத்தகத்தை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். புத்தகம் கிழிந்து போகும், பாட்டு போகாது. ‘பராசக்தி’, ‘மனோகரா’ வசனங்கள் புத்தகமாகவும் இசைத்தட்டாகவும் பரவியபோது, இலக்கணத் தமிழைப் பள்ளியில் கற்காதவனும் அடுக்குமொழி பேசினான். இன்றைய கவிஞர்களில் பலர் தம் யாப்புக்கு ஆசான் யார் என்று கேட்டால் புலவர் பெயரைச் சொல்கிறார்கள். தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் இருந்த பாட்டுப் புத்தகத்தைச் சொல்வதில்லை. சொல்வதில் வெட்கமில்லை.

வானொலிக்குள்ளும் காசு புகுந்தது. 1952-க்குப் பிறகு அமைச்சர் கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தது. 1950-இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வானொலிப் பெட்டி வாங்க முடியாதவன் தேநீர்க் கடைக்குப் போனான். பாட்டு இலவசம், தேநீருக்குத்தான் காசு. அந்தத் தேயிலையும் அவன் தலைக்கு மேலே தெரியும் மலையில் விளைந்ததுதான்.

1957 ஏப்ரல் முதல் நாள் நயாபைசா வந்தது. ரூபாய்க்கு நூறு என்பதால் ஓரணா ஆறேகால் நயாபைசா. ஆறேகாலுக்கு நாணயம் ஏது? ஆகவே அரசு ஒரு மாற்று அட்டவணை வெளியிட்டது. அதன்படி ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மேலிருந்து பார்த்தால் நேர்மையான கணக்கு. கீழே குனிந்து பார்த்தால் காலணாவுக்கு 2 நயாபைசா என்று இருந்தது. உண்மை மதிப்போ ஒன்றரையை ஒட்டியது. ரூபாய்க்கு 64 காலணா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நயாபைசா கொடுத்தால் 128. மொத்தமாக வாங்கியவர் எதையும் இழக்கவில்லை. அன்றாடம் காலணாவுக்கு வெற்றிலை, காலணாவுக்கு உப்பு என்று வாங்கியவரே இழந்தார். அடுத்த ஆண்டு முதல் வீசையும் பலமும் படிப்படியாகக் கிலோவுக்கு வழிவிட்டன. அந்த மாற்றத்திலும் சில்லறையாக வாங்குபவர் கையைத்தான் கடைக்காரர் தராசு முதலில் தொட்டது. ‘நயா’ என்ற அடைமொழி 1964-இல் உதிர்ந்தது. ஆனால் அணா நாவை விட்டுப் போகவில்லை. 2011-இல் 25 பைசா நாணயம் செல்லாதாகும் வரை அதற்கு நாலணா என்றே பெயர். சட்டம் நாணயத்தை மாற்றலாம். பெயரை மாற்ற ஊர் சம்மதிக்க வேண்டும்.

இக்காலத்திலேயே இப்பள்ளத்தாக்கில் இன்னொரு பாட்டும் எழுந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடினார். கொட்டகையில் காசு கொடுத்துக் கேட்ட திரைமெட்டுகளையே எடுத்து, அவற்றில் கூலியையும் பசியையும் ஏற்றிப் பாடினார். காசில்லாமல் அந்த மெட்டை மீண்டும் கேட்க வந்தவர்கள் தம் வாழ்க்கையையே அதில் கேட்டார்கள். 1957-இல் கேரளத்தில் அமைந்த பொதுவுடைமை அமைச்சரவை மயிரிழைப் பெரும்பான்மையில் நின்றிருந்தது. அந்நிலையில் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். அங்கும் பாவலரின் குரல் ஒலித்தது. ரோசம்மா புன்னூஸ் வென்றார். கட்சி வரலாறுகள் இதைத் தலைவர்களின் கணக்கில் எழுதிக்கொள்ளும். மெட்டின் கணக்கை இலக்கிய வட்டங்களே எழுத வேண்டும். 1943-இல் பிறந்த அவருடைய தம்பி இளையராஜா அந்த மேடைகளில் வளர்ந்தவர். 1941-இல் அல்லிநகரத்தில் பிறந்தவர் பாரதிராஜா. 1953-இல் பிறந்த வைரமுத்துவின் குடும்பமோ, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரை இழந்தது. நிலம் காசாக மாறியபோது எது மாறாமல் நின்றது என்பதே ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ பேசும் பொருள். 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் இம்மூவரும் இணைந்தபோது தமிழகம் வியந்தது. தரை டிக்கெட்டின் வரலாறு அறிந்தவர்களுக்கு அதில் வியக்க ஏதுமில்லை.

திரைக்கும் மேடைக்கும் இடையில் இருந்த தடுப்பும் விரைவில் விழுந்தது. ‘பராசக்தி’யில் நடித்த எஸ். எஸ். இராசேந்திரனைத் தேனித் தொகுதி 1962-இல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இந்தியாவில் மக்கள் வாக்களித்துச் சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைநடிகர் அவர் என்பர். மணலைக் குவித்து அமர்ந்து பார்த்த முகத்துக்கே வாக்குச் சீட்டில் முத்திரை விழுந்தது. இதை ஏமாளித்தனம் என்போர் உண்டு. ஒரு பகற்கூலியின் நாலில் ஒரு பங்கைக் கொடுத்துத் தேர்ந்த முகத்தை எளிதில் மறக்காதவர்கள் ஏமாளிகள் ஆவார்களா என்பது வேறு கேள்வி.

நயாபைசா வந்த நாளில் பத்து வயதாயிருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் கூடலூரிலும் சின்னமனூரிலும் போடியிலும் அவற்றை யார் வாங்கினார், எந்தக் கூலியில் வாங்கினார், யார் படிக்க யார் கேட்டார் என்பவை எந்த நூலகத்திலும் இல்லை. வீரபாண்டித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரும் முதியவர்களிடம் இட்லி விலையைக் கேட்கும் இளைஞர்கள், அதே மூச்சில் அன்று அவர்கள் பெற்ற கூலி நெல்லா காசா, எத்தனை படி, எத்தனை அணா, அம்மாவுக்கு எவ்வளவு, அப்பாவுக்கு எவ்வளவு என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த கவியரங்கத்துக்கு அந்தக் குறிப்பேடுகளோடு வரட்டும்.