துபாயில் எட்டு நாள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன வாரம் ஏன் பேச்சு வரலைன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. நான் ஊரில் இல்லை, துபாய் போயிருந்தேன். முதல் தடவை. அதுவும் ஆகஸ்ட் மாதத்தில். "ஆகஸ்ட்ல எவனாவது துபாய் போவானா?" என்று விசா எடுத்துக் கொடுத்தவரே கேட்டார். டிக்கெட் விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது.

முதலிலேயே சொல்லிடறேன். புர்ஜ் கலீஃபா எப்படி இருக்கும், துபாய் மாலுக்குள் இருக்கிற மீன் தொட்டி எவ்வளவு பெரிசு என்பதையெல்லாம் உங்களுக்கு யூடியூபில் ஆயிரம் பேர் காட்டியிருப்பாங்க. நானும் பார்த்தேன். 828 மீட்டர். கழுத்து வலிக்கிறது. அவ்வளவுதான், அதை விட்டுடலாம்.

நான் போனதில் ஊர் சுற்றுவது பாதி. மீதி, எங்க அக்கா கொடுத்த வேலை. அக்கா மகன் ஐடிஐ முடித்திருக்கிறான், ஏசி மெக்கானிக். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஏஜெண்டு, துபாயில் மாதம் 1,400 திர்ஹம் சம்பளத்தில் வேலை, 1,30,000 ரூபாய் கட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம், "நீ போறியே, நல்லாப் பாத்துட்டு வாடா. பையனை அனுப்பலாமா வேணாமான்னு வந்து சொல்லு" என்றாள். அதனால் நான் பார்த்ததையெல்லாம் ஒரு கண்ணால் என் கண்ணாகவும் இன்னொரு கண்ணால் அந்தப் பையன் கண்ணாகவும் பார்த்துக்கொண்டே திரிந்தேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரம். ராத்திரி 11 மணிக்கு விமான நிலையத்தின் கதவு திறந்தது, என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதுவுமே தெரியவில்லை. உள்ளே அவ்வளவு குளிர், வெளியே அவ்வளவு புழுக்கம். பாலைவனம் என்றால் வறண்ட சூடு என்றுதானே நினைப்போம்? இது கடற்கரைப் பாலைவனம். சென்னையின் மே மாதப் புழுக்கத்தை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி அடுப்பில் வைத்த மாதிரி.

மறுநாள் காலையில் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். பெரியப்பா மகன், அண்ணன், அங்கே 11 வருஷமாக இருக்கிறார். அவர் வெளியிலிருந்து சத்தம் போடுகிறார்: "தம்பி, சூடு தண்ணிக் குழாயத் திற, அதுலதான் பச்சைத் தண்ணி வரும்!" விஷயம் என்னவென்றால், தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடி வெயிலில் காய்கிறது. கீசர் வீட்டுக்குள், ஏசி குளிரில் இருக்கிறது. அதனால் கோடை வந்தால் கீசரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறுகிற தண்ணீரில் குளிப்பார்கள். அந்தத் தண்ணீரே கடலிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது. அந்த ஊரில் ஆறே கிடையாது. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே பல் தேய்க்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மெட்ரோவில் போனேன். 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கியது. ஓட்டுநர் கிடையாது. முன்பெட்டியில் நின்றால் தண்டவாளம் நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது. சின்னப் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் ரசித்தேன். உள்ளே சூயிங்கம் மென்றால்கூட 100 திர்ஹம் அபராதம், நம் கணக்கில் 2,300 ரூபாய்க்குப் பக்கம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி, தரையில் கோடு போட்டிருக்கிறார்கள், யாரும் தாண்டுவதில்லை. ராத்திரி 12 மணிக்கு ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக நடந்து போகிறாள், திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்கு நான் செய்கிற அநியாயம்.

ஆனால் இன்னொன்று. அந்தப் பெட்டியில் மலையாளம் கேட்டது, இந்தி, உருது, பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக், நம் தமிழும் கேட்டது. அரபி கேட்டது ஒலிபெருக்கியில் மட்டும்தான். எட்டு நாளில் நான் நேருக்கு நேர் பேசிய ஒரே எமிராத்தி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய அதிகாரி. அங்கே இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், வந்தவர்கள் எல்லாருமே விருந்தாளிகளாகவும் சமையல்காரர்களாகவும் இருந்து, வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் க்ரீக். ஊருக்கு நடுவே கடல் உள்ளே வந்து போகிற கழிமுகம். ஒரு கரை தேரா, மறுகரை பர் துபாய். அப்ரா என்கிற மரப்படகில் அக்கரைக்குப் போக ஒரு திர்ஹம். கோடிக்கணக்கில் வீடு விற்கிற ஊரில் ஒரு திர்ஹத்துக்கு இப்படி ஒரு பயணம்! நான் ஒரே சாயங்காலத்தில் நாலு தடவை போய்வந்தேன். படகுக்காரர் மூன்றாவது தடவை சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எண்ணெய்தான் துபாயைத் துபாய் ஆக்கியது என்று நானும் நினைத்திருந்தேன். இங்கே எண்ணெய் கண்டுபிடித்தது 1966-இல்தான். அதுவும் அபுதாபி அளவுக்கு இல்லை. அதற்கு முன்பு முத்துக்குளித்தல். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து அந்தத் தொழிலையே படுக்க வைத்தது. அப்புறம் இந்தக் கழிமுகத்தைத் தூர்வாரி, பெரிய படகுகள் உள்ளே வருகிற மாதிரி செய்து, வியாபாரத்தில் பிழைத்த ஊர் இது. 1979-இல் ஜெபல் அலி துறைமுகம் வந்தது. இன்று அதன் வருமானத்தில் எண்ணெயின் பங்கு மிகச் சின்னது.

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1966 வரை அங்கே புழங்கியது நம்ம ரூபாய். 1959-இலிருந்து ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 66-இல் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அவர்கள் விலகிக்கொண்டார்கள். திர்ஹம் வந்தது 1973-இல். இன்று அந்தத் திர்ஹத்தை ரூபாயாக மாற்றிப் பெருக்கிக்கொண்டே நம் ஆட்கள் அங்கே தூங்கி எழுகிறார்கள்.

சரி, அண்ணன் அறைக்கு வருவோம். முதல் இரண்டு நாள் ஹோட்டலில் தங்கினேன், மூன்றாம் நாள் அவர், "இதுக்கு எதுக்குடா காசைக் கரியாக்குற" என்று தேராவில் இருக்கிற தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்குப் போயிருந்த ஒருவரின் கட்டில் காலியாக இருந்தது. பெட் ஸ்பேஸ் என்று சொல்வார்கள். வீட்டை வாடகைக்கு எடுப்பதில்லை, அறையை எடுப்பதில்லை, கட்டிலை எடுப்பது. ஓர் அறையில் நாலு இரட்டை அடுக்குக் கட்டில், எட்டுப் பேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரைச்சீலை. திரையை இழுத்துவிட்டால் அதுதான் அவர் வீடு. தலைமாட்டில் போன் சார்ஜர், ஒரு சாமி படம், மகள் பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோ. கட்டிலுக்குக் கீழே பெட்டி. அதில் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிச் சேர்க்கிற கோடாலித் தைலம், பால் பவுடர், சோப்பு.

ராத்திரி 9 மணிக்கு மேல் அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. காலை 4 மணிக்கு எழுந்து கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வீட்டுக்குப் போன் பேசுகிறவர்கள் எல்லாம் மாடிப்படியில். வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது, அங்கே தடை. அதற்கு போட்டிம் மாதிரி வேறு செயலிகள். மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்கார்ந்து, ஒருவர் நேபாளியில், ஒருவர் மலையாளத்தில், ஒருவர் தமிழில். எந்த மொழியாக இருந்தாலும் "சாப்பிட்டியா" என்று கேட்கிறது மட்டும் எனக்குப் புரிந்துவிடும். அந்த இழுப்பு ஒன்றுதான்.

அண்ணன் ஊரில் மாடி வீடு கட்டியிருக்கிறார். நாலு அறை, முன்னால் கிரானைட் திண்ணை. நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்வோம். அன்றைக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். வீடு கட்டி முடித்து ஏழு வருஷம். அவர் அதில் தூங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம்கூட வரவில்லை. அவரே கூட்டிச் சொன்னார், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

அந்தத் தெருமுனையில் ஒரு பக்காலா. மளிகைக்கடையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், நடத்துகிறவர் அநேகமாக மலையாளியாகத்தான் இருப்பார். இவர் வந்து 32 வருஷம். பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே படித்தவர்கள். குடியுரிமை? கிடையாது, பிறந்தாலும் கிடையாது. விசாதான், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கணும். "இங்க நாங்க எல்லாரும் ரிட்டர்ன் டிக்கெட்டோடதான் உட்கார்ந்திருக்கோம், தேதி மட்டும் போடல" என்றார், தமிழில், எனக்காக. பணக்காரர்களுக்கு இப்போது பத்து வருஷக் கோல்டன் விசா இருக்கிறது. அதுவும் விசாதான்.

மத்தியான வேலையைப் பற்றி அக்கா கேட்டிருந்தாள், அதனால் பார்த்தேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நான் பார்த்த இரண்டு கட்டிட வேலை இடங்களில் அந்த நேரத்தில் ஆட்கள் நிழலில் படுத்திருந்தார்கள். ஆனால் அதே நேரத்தில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். பன்னிரண்டரைக்குத்தானே எல்லாருக்கும் பசிக்கும். ஏசி மெக்கானிக்கு? ஏசியின் வெளிப்பெட்டி இருப்பது மொட்டைமாடியில். எல்லாருக்கும் ஏசி கெட்டுப்போகிறது ஆகஸ்டில். இதை அண்ணன் சொன்னபோது எனக்கு அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது.

ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்லணும். பல வீடுகளின் மதில் ஓரத்திலும் பள்ளிவாசல் வாசலிலும் குளிர்ந்த தண்ணீர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். சபீல் என்று பெயர். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான். 44 டிகிரியில் அதைக் குடித்தால் கட்டியவரை மனசார வாழ்த்தத் தோன்றும்.

இப்போ அந்த ஏஜெண்டு விஷயம். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "விசிட் விசாவா, எம்ப்ளாய்மெண்ட் விசாவா?" முதலில் விசிட்டில் போ, அங்கே போய் மாத்திக்கலாம் என்றுதான் ஏஜெண்டு சொல்லியிருந்தார். "அப்படின்னா வேணாம்னு சொல்லிரு" என்றார் அண்ணன். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூட அவன் கையில் காகிதம் இருக்காது. முறையாகப் போனால் சம்பளம் வங்கி வழியாகத்தான் வரணும், 2009-இலிருந்து அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆள் எடுக்கிற செலவையும் விசாச் செலவையும் கம்பெனிதான் ஏற்கணும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வேலை உறுதிக் கடிதத்தை அரபியோடும் ஆங்கிலத்தோடும் தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் தரணும், அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

நம் பக்கத்திலும் விதி இருக்கு. பதிவு பெற்ற ஏஜெண்டுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு எண்ணை இமைகிரேட் என்கிற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போனால் குடியகல்வு அனுமதி வாங்கணும், அப்போது ஓர் அதிகாரி காகிதங்களைப் பார்ப்பார். எங்கள் பையன் ஐடிஐ படித்தவன், அந்த அனுமதி தேவையில்லை. தேவையில்லை என்பது வசதி மாதிரித் தெரியும். உண்மையில் அவன் காகிதத்தை அரசாங்கத்தில் ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். அதைத்தான் இந்த மாதிரி ஆட்கள் நம்பியிருக்கிறார்கள்.

அப்புறம் கணக்கு. 1,400 திர்ஹம் என்றால் சுமார் 32,000 ரூபாய். தங்க இடம் கம்பெனி கொடுத்தாலும் சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 500 திர்ஹத்துக்குக் குறையாது. மீதி 900, அதாவது 20,000 ரூபாய். 1,30,000-த்தை வட்டிக்கு வாங்கினால் அதை அடைக்கவே எட்டு மாதத்துக்கு மேல்.

அன்று ராத்திரியே மாடிப்படியில் ஒரு படி பிடித்து அக்காவுக்குப் பேசினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இருபதாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சுடா" என்றாள். பதிவு எண்ணைக் கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறாள். "நம்பிக்கை இல்லைன்னா விடுங்க, உங்க இடத்துக்கு நாலு பேரு நிக்கிறாங்க" என்று பதில் வந்திருக்கிறது. பையனுக்கு என் மேல் கோபம். மாமா மட்டும் துபாய் பார்த்துட்டு வருவாரு, நான் போகக் கூடாதா என்று அவன் கேட்டதாக அக்கா சொன்னாள். நியாயமான கேள்விதான். அவனைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20,000 ரூபாய் மிச்சம் என்பது எங்கள் ஊரில் இன்றைக்கு அவனுக்குக் கிடைக்கிற மொத்தச் சம்பளத்தைவிட அதிகம், அதையும் நான் மறைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவனை உட்கார வைத்து, அண்ணனோடு வீடியோவில் பேச வைத்தேன். அண்ணன் கட்டிலைக் காட்டினார், திரையைக் காட்டினார், அந்த எட்டுப் பேரையும் காட்டினார். பையன் கேட்ட ஒரே கேள்வி, "மாமா, ஏசி வேலைக்கு எப்போ ஆள் எடுப்பாங்க?" கோடைக்கு முன்னாடி, பிப்ரவரி மார்ச்சில் என்றார் அவர். ரெண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் இருந்தால் சம்பளமும் கூடுமாம். இப்போது புதுக்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்திருக்கிறான். காலையில் அங்கே போய்விடுகிறான், என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

இருபதாயிரம் இன்னும் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை நானும் அக்காவும் ரசீதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறோம். கொடுக்காவிட்டால் போலீஸ் புகார், அதோடு சென்னையில் இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு. உங்களில் யாராவது இந்த மாதிரிப் பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி வாங்கினீங்கன்னு எழுதுங்க. அடுத்த வாரம் பேசலாம்.