பட்டதாரியைத் தேடிச் சென்ற சிறு நிறுவனம்

(விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



பொறியியல் படித்த பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்ற செய்தி வந்தவுடன் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, ‘எந்தக் கம்பெனி?’ என்பதே. எல்லாரும் அறிந்த பெயர் விடையாக வந்தால் முகங்கள் மலர்கின்றன. முப்பது பேர் மட்டுமே பணிபுரியும், யாரும் கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர் வந்தால், ‘சரி, இப்போதைக்குப் போகட்டும், பிறகு நல்ல இடமாகப் பார்க்கலாம்’ என்ற ஆறுதல் மொழி வருகிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து முதன்முதலாகக் கணினித் துறைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் இந்த ஆறுதலைக் கேட்டவர்களே. பெரிய பெயர் பாதுகாப்புத் தரும் என்பது பாதி உண்மை. சிறிய இடம் ஆபத்து என்பதும் பாதி உண்மை. தன்னிடம் வேலை கேட்டு வரும் இளைஞனை, அவன் இன்னும் தன் பணியாளன் ஆகாத நிலையிலேயே, ஒரு நிறுவனம் எவ்வாறு நடத்துகிறது என்பதில்தான் அதன் உட்பண்பு தெரியும். இதற்கு நன்கு பதிவான சான்று ஒன்று நியூயார்க் நகரில் உண்டு.

2000-ஆம் ஆண்டில் ஜோயல் ஸ்போல்ஸ்கி, மைக்கேல் பிரையர் என்னும் இருவர் அந்நகரில் ஃபாக் கிரீக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஸ்போல்ஸ்கி முன்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எக்செல் பிரிவில் பணிபுரிந்தவர். இணைய நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. பிறருக்கு ஆலோசனை வழங்கிப் பிழைக்கலாம் என்று எண்ணித் தொடங்கியவர்கள், அது கைகொடுக்காமற்போகவே சொந்தமாக மென்பொருள் செய்து விற்கத் தலைப்பட்டனர். மென்பொருளில் நேரும் பிழைகளைப் பதிந்து வைத்து, யார் திருத்துகிறார் என்று கண்காணிக்க உதவும் ‘ஃபாக்பக்ஸ்’ அவர்களுக்குச் சோறு போட்டது. தொடக்கத்தில் வெளியார் முதலீடு எதனையும் அவர்கள் நாடவில்லை. கையில் வரும் வருமானத்திற்குள் வாழ்ந்த சிறு நிறுவனம் அது.

மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவை அள்ளிச் செல்லும் மாணவர்களைச் சில பத்துப் பேர் கொண்ட ஒரு நிறுவனம் எவ்வாறு பெறும்? ஸ்போல்ஸ்கி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மிகத் திறமையான நிரலர் வேலைச் சந்தைக்கு வருவதே அரிது என்பது அவர் கணிப்பு. கல்லூரியை விட்டு வெளிவரும்போதே யாரோ ஒருவர் அவரை அழைத்துக்கொள்வார். பின்னர் இடம் மாறினாலும் அறிந்தவர் வழியாகவே மாறுவார். விளம்பரம் கண்டு குவியும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் அத்தகையோர் அதிகம் இரார். ஆகவே, படித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். கணினியியல் மாணவர்களுக்குத் தாளில் அச்சிட்டு, மையினால் கையொப்பமிட்ட கடிதங்கள் சென்றன. கோடை விடுமுறையில் வந்து பயிற்சிப் பணி செய்யுமாறு அழைப்பு விடுக்கப்பட்டது.

தொலைபேசி உரையாடலில் தேறியவரை நேர்காணலுக்கு நியூயார்க் அழைக்கும் விதம் இங்குள்ளோர்க்கு வியப்பளிக்கும். விமானக் கட்டணம் நிறுவனத்தினுடையது. விமான நிலையத்தில் பெயர்ப்பலகை ஏந்திய ஓட்டுநர் காத்திருப்பார். நல்லதொரு விடுதியில் அறை ஏற்பாடாகியிருக்கும். அறையில் ஒரு வரவேற்புப் பையும், நகரைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டும் குறிப்பும் இருக்கும். நேர்காணல் முடிந்த பின் மேலும் ஓர் இரவு தங்கி ஊரைப் பார்த்துச் செல்லலாம். அச்செலவும் நிறுவனத்தையே சாரும். தேர்வாகாதவர்க்கும் இதே உபசரிப்புத்தான். வந்தவர் வேலையில் சேரலாம், சேராமற்போகலாம். எப்படியாயினும் திரும்பிச் சென்று தோழரிடம் ஒரு நல்ல சொல் சொல்வார் என்பது கணக்கு. கணக்கு என்பதாலேயே அந்த மரியாதை பொய்யாகிவிடாது. விருந்தினரைக் காசு மிச்சம் பிடித்து வரவேற்கும் வீட்டில் மருமகளுக்கு எவ்வளவு மதிப்பிருக்கும் என்று பெரியோர் கணிப்பதுண்டல்லவா? அந்தக் கணிப்பு இங்கும் செல்லும்.

உபசரிப்பு இனிது, ஆனால் தேர்வு கடினம். ஒரே நாளில் ஒருவர்பின் ஒருவராக ஏறத்தாழ ஆறு பேர் பேசுவர். அவர்களில் பெரும்பாலோர் மேலாளர் அல்லர். நாளை அந்த இளைஞனுடன் பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவர்கள். பலகையிலோ தாளிலோ நிரல் எழுதச் சொல்வர். ஒவ்வொருவரும் ‘சேர்க்கலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று தெளிவாகக் கூற வேண்டும். நடுவில் நின்று மழுப்பல் கூடாது. ஆறு பேரில் இருவர் வேண்டாம் என்றால் இல்லை. ஐயம் இருந்தாலும் இல்லை. அறிவுடைமை, எடுத்த வேலையை முடிக்கும் திறன் என்னும் இரண்டை மட்டுமே அவர்கள் தேடினர். அறிவிருந்தும் எதையும் முடிக்காதவர் உண்டு. எதையும் விரைந்து முடித்துப் பிறகு பிறர் திருத்தும்படி விட்டுச் செல்பவரும் உண்டு. இவ்விரு வகையினரையும் ஸ்போல்ஸ்கி தவிர்க்கச் சொன்னார்.

புதிர்க்கணக்குகளைக் கேட்டுத் திகைக்க வைப்பதையும் அவர் விரும்பவில்லை. மதம், இனம், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று நேர்காணல் நடத்துவோரை எச்சரித்தார். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இந்த இடத்தில் சற்று நின்று கேட்க வேண்டும். ‘கல்யாணம் எப்போது? அதன்பிறகு வேலையைத் தொடர்வாயா?’ என்று நேர்காணலில் கேட்கும் வழக்கம் இங்கு இன்னும் மறையவில்லை. அக்கேள்வி அக்கறையினால் எழுவதன்று. அதைக் கேட்கும் நிறுவனம், மகப்பேற்று விடுப்பு வரும்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பயிற்சிக்கு வந்தவரைத் தேநீர் வாங்கவும் கோப்பு அடுக்கவும் அங்கு பயன்படுத்தவில்லை. தங்குமிடமும் மதிய உணவும் சுரங்க ரயில் பயணச்சீட்டும் தந்து, மெய்யான வேலையைக் கையில் கொடுத்தனர். 2005 கோடையில் நான்கு மாணவர்களிடம் ஒரு முழுப்பொருளையே ஒப்படைத்தனர். தொலைவிலுள்ள ஒருவரின் கணினியை இங்கிருந்தே இயக்கிப் பழுது நீக்க உதவும் மென்பொருள் அது. ‘கோபைலட்’ என்று பெயர். இன்று அப்பெயரில் பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் கோடைக்குள்ளாகவே மாணவர்கள் அதனை முடித்து விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அந்த முயற்சி ஆவணப்படமாகவும் எடுக்கப்பட்டது. கோடை முடியும்போது நன்கு செய்தவர்க்கு முழுநேர வேலைக்கான அழைப்பு வழங்குவது நிறுவனத்தின் வழக்கம். பன்னிரண்டு வாரம் உடனிருந்து பார்த்தபின் எடுக்கும் முடிவு, ஒரு மணி நேர நேர்காணல் முடிவைவிட இரு தரப்புக்கும் நேர்மையானது.

சேர்ந்தபின் என்ன? நிரலர் ஒவ்வொருவருக்கும் கதவுடைய தனியறை. மன்ஹாட்டன் வாடகையில் இது எளிய செயலன்று. ஆழ்ந்து சிந்திக்கும் வேலைக்கு அமைதி வேண்டும், ஒருமுறை கலைந்த கவனம் மீண்டும் கூடக் காலமாகும் என்பது அவர்கள் கொள்கை. ஏறத்தாழ 900 டாலர் விலையுள்ள நாற்காலிகளை வாங்கியதற்கும் ஸ்போல்ஸ்கி கணக்குச் சொன்னார்: பத்தாண்டு உழைத்தால், மலிவான நாற்காலியைவிட ஆண்டுக்கு 50 டாலர்தான் கூடுதல். தனியறையில் இருப்பவர்கள் தனித்தீவாகிவிடாதபடி, நண்பகலில் நீண்ட மேசையில் பந்தி அமர்ந்ததுபோல் எல்லாரும் சேர்ந்து உண்டனர்.

உணவைப் பற்றிப் பேசும்போது ஒன்று. பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுடைய வீட்டுப் பிள்ளைக்கு, இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் அலுவலக விருந்துகள் பெரிய சங்கடம். சேர்ந்த முதல் வாரத்திலேயே தன் வழக்கத்தை நேராகச் சொல்லிவிடும் இளைஞனைப் பெரும்பாலோர் மதிக்கவே செய்கின்றனர். ஒவ்வொரு முறையும் வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்பவனைத்தான் ‘ஒட்டாதவன்’ என்கின்றனர்.

நாற்காலியையும் விருந்தையும் பண்பாடு என்று மயங்குவோர்க்கு, அந்நிறுவனத்தின் சம்பள முறையைக் காட்ட வேண்டும். அனுபவம், பொறுப்பின் அளவு, திறன் ஆகிய மூன்றையும் கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒரு படிநிலை வகுத்தனர். ஒரே படியில் இருப்பவர் எல்லாருக்கும் ஒரே சம்பளம். 2009-இல் இந்த ஏணியை ஸ்போல்ஸ்கி பொதுவில் வெளியிட்டார். சாதுரியமாகப் பேரம் பேசுபவர் கூடுதலாகப் பெறுவதும், கூச்சமுடையவர் குறைவாகப் பெறுவதும் இம்முறையில் இயலாது. புதிதாக வரும் பட்டதாரிக்கு அதிகம் தர நேர்ந்தால், அதே படியில் முன்னரே இருப்பவர்க்கும் உயர்த்தியாக வேண்டும். முதலாளிக்குச் செலவு பிடிக்கும் விதி இது. கூச்சத்தோடு வளர்க்கப்பட்ட கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறெதுவும் இல்லை.

குறையும் இருந்தது. பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் வாசலிலேயே அவர்கள் வலை பெரும்பாலும் விழுந்தது. வறுமையினாலோ வழிகாட்ட ஆளில்லாமையினாலோ அவ்வாசலை எட்டாத திறமை அவர்கள் கண்ணில் படவில்லை. இந்த இடத்தில் தமிழ்நாட்டு முயற்சி ஒன்று நேர் எதிர்த்திசையில் சென்றது. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், இன்றைய ஜோஹோ, 2005-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்க்கென ஒரு பயிற்சிப் பள்ளியை ஆறு மாணவர்களோடு தொடங்கியது. கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பட்டம் என்னும் சல்லடையையே எடுத்துவிட்டுத் திறனைத் தேடியது அம்முயற்சி. நியூயார்க் நிறுவனத்தின் உபசரிப்பும் சென்னை நிறுவனத்தின் பார்வையும் ஓரிடத்தில் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஃபாக் கிரீக் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அங்கே 2011-இல் உருவான ‘டிரெல்லோ’ என்ற பணித்திட்டக் கருவி தனி நிறுவனமாகி, 2017-இல் 42.5 கோடி டாலருக்கு அட்லாசியன் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. 2018-இல் தாய் நிறுவனம் ‘கிளிட்ச்’ என்று பெயர் மாறியது. 2020-இல் அங்கு ஆட்குறைப்பு நடந்தது. அதே ஆண்டில் பணியாளர் தொழிற்சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டில் நிர்வாகத்துடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொண்டனர். 2022-இல் நிறுவனம் ஃபாஸ்ட்லியின் கைக்குச் சென்றது. தொடக்கியவரின் நல்ல மனம் தலைமுறை கடந்து தானே நிற்பதில்லை என்பதைப் பணியாளர்கள் உணர்ந்தே எழுத்தில் கேட்டனர்.

ஆகவே, சிறு நிறுவனத்தின் அழைப்பைக் கையில் வைத்திருக்கும் இளைஞன் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். யாருக்குக் கீழ் வேலை, அவருடன் அரைமணி நேரம் பேசலாமா, சம்பள உயர்வு எந்த அடிப்படையில், மாலையில் வீட்டுக்குப் புறப்படும் நேரம் உண்மையில் எது என்பன அவை. மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் இடத்திலும், பயிற்சிக்கென்று பணம் கட்டச் சொல்லும் இடத்திலும் இத்தனை கேள்விகூடத் தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம். ‘நாளை மாலைக்குள் ஒப்புக்கொள், இல்லையேல் வேறொருவர்க்குத் தருவோம்’ என்று நெருக்குவது அமெரிக்காவிலும் உள்ள வழக்கமே. ஸ்போல்ஸ்கி 2008-இல் இதைக் கண்டித்து எழுதினார். அவகாசம் வேண்டுமென்று பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டதற்காகவே அழைப்பைத் திரும்பப் பெறும் நிறுவனம், பின்னாளில் ஒரு நாள் விடுப்புக் கேட்டாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இந்த அவையில் சிறு தொழிலகம் நடத்துவோரும் இருக்கின்றனர். நியூயார்க் விடுதியும் வாகனமும் அவர்களால் இயலாதவையாக இருக்கலாம். செலவே இல்லாத செயல் ஒன்று உண்டு. நேர்காணலுக்கு வந்து தேர்வாகாத பிள்ளைக்கு ஒரு வாரத்திற்குள் இரண்டு வரி பதில் அனுப்பலாம். அந்த இரண்டு வரிக்காகத் திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் எத்தனையோ வீடுகளில் தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருக்கின்றனர்.